கொழுந்தன் நடித்த மோசமான படம்

1

சேலத்தில் ஒரு மாத இதழ் நடத்தும் என் பள்ளித் தோழி போன வாரம் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். 'கஷ்டமான வருடத்தில் வீட்டிலிருந்தபடியே பார்த்து ரசித்த புதுப் படங்கள்' என்று ஒரு சிறப்புப் பகுதி போடுகிறாளாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆளுக்கு ஐந்து படம் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. "உன் வீட்டுக்காரர் படுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறதே, நிறையப் பார்த்திருப்பாய்" என்று வேறு சேர்த்திருந்தாள்.

நிறையத்தான் பார்த்தேன். ரசித்தேன் என்று யார் சொன்னது?

மாதிரிக்கு, ஏற்கனவே வந்து சேர்ந்த கட்டுரைகளில் இரண்டை அனுப்பியிருந்தாள். டொராண்டோவிலிருந்து ஓர் அம்மாள் எழுதுகிறார்: வெளியே பனி கொட்டுகிறது, கையில் சூடான காபி, மடியில் கம்பளி, திரையில் நம் மண்ணின் கதை, கண்ணில் நீர். மெல்போர்ன்காரர் ஒருவர், படங்களின் வழியாகத் தன் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பண்பாட்டைக் கடத்துகிறாராம். கடத்தல் என்பது சரியான சொல்தான். வேண்டாதவர் தலையில் கட்டுவதற்கு வேறு என்ன பெயர்? அந்தப் பிள்ளைகள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதவு இருந்தது.

ஆகவே நான் ஐந்து படம் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறேன். இந்த வருடம் வந்த குப்பைகளில் அதுதான் தலையாய குப்பை. எங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப ஓடியதும் அதுதான்.

2

என் கணவர் பொன்னுசாமி செம்மநத்தத்துக்காரர். நான்கு தலைமுறைக்கு மேலாகச் சேர்வராயன் மலையில் சாமையும் காபியும் போட்ட குடும்பம். நான் ஏற்காட்டுக் கடைத்தெருவான ஒண்டிக்கடையில் ஓட்டல் வைத்திருந்தவரின் மகள். எங்கள் ஆட்கள் எல்லாம் சேலத்திலிருந்து மலையேறி வந்து வியாபாரம் செய்தவர்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ். கல்யாணப் பேச்சு எடுத்தபோது என் மாமன்மார் "மலைக்காரனுக்கா பொண்ணக் குடுக்கறது?" என்று குதித்தார்கள். அவருக்கு ஜெர்மனி விசா வந்ததும் அதே வாய்கள் "மாப்பிள்ளைங்க, சௌக்கியமாங்க?" என்றன. அந்த மாமன்மாரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

காஸல் என்ற நகரத்தில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. முப்பது வருடம் ஆகிறது. ஜெர்மன் மொழியை அவர் ஜெர்மானியரைவிடச் சுத்தமாகப் பேசுவார். அதில் அவருக்குப் பெருமை உண்டு. மகள் பிறந்ததும் அவளிடமும் அதையே பேசினார். "ஊட்ல தமிழ்ல பேசுங்க" என்று நான் சண்டை போட்டால், "அவ இங்க பொழைக்கோணும் கோமதி" என்பார். மகள் பெயர் மட்டும் யாழினி. அவளுக்கே அதை உச்சரிக்க வராது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை உணவு மேசையில், அவர் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஏதோ சொல்ல வந்தார். ஒலிதான் வந்தது, சொல் வரவில்லை. நான் அவசர உதவிக்கு போன் போட்டேன். பக்கவாதத்துக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஜெர்மன் மொழியில் கடைசி அசை ஒன்றே. முப்பது வருடம் இந்த நாட்டில் குப்பை கொட்டிய நான், "என் கணவருக்கு வயிற்றுப்போக்கு, சீக்கிரம் வாருங்கள்" என்று கதறினேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர் மிகப் பொறுமையாக, "எத்தனை நாளாக? தண்ணீர் குடிக்கிறாரா?" என்று விசாரித்தார். "அவருக்குப் பேச வரவில்லை" என்று நான் அலறிய பிறகுதான் அவருக்கு விளங்கியது. வண்டி வந்தது. உயிரும் பிழைத்தது.

பிழைக்காதது மொழி. மருத்துவமனையில் கண் விழித்தவரிடம் ஜெர்மன் இல்லை. ஆங்கிலமும் இல்லை. சில நாள் கழித்துத் தமிழில் சில துணுக்குகள் வந்தன. "தண்ணி." "வேணாம்." "கோமதி." அவ்வளவுதான். வலது கையும் விளங்கவில்லை. சிலருக்கு இப்படி ஆவதுண்டு, பிறகு கற்ற மொழிகள் முதலில் போய்விடும் என்று மருத்துவர் படம் போட்டு விளக்கினார். எனக்குப் படம் வேண்டியிருக்கவில்லை. எதிரில் நின்ற மகளைப் பார்த்தாலே விளங்கியது. அப்பாவும் மகளும் வாழ்நாள் முழுக்கப் பேசிய மொழி ஒன்றுதான். அது இப்போது அவர் தலைக்குள் இல்லை. அவரிடம் மிச்சமிருந்த மொழியோ அவளுக்குச் சாப்பாட்டுப் பெயர்களையும் நாலைந்து சொற்களையும் தாண்டித் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு பேச்சுப் பயிற்சிக்கு ஓர் இளம்பெண் வாரம் இரண்டு முறை வந்தாள். நல்ல பெண். ஆப்பிள் படத்தைக் காட்டி அதன் ஜெர்மன் பெயரைச் சொல்லச் சொல்வாள். அவர் ஆப்பிளையே பார்த்துக்கொண்டிருப்பார். தமிழில் பயிற்சி கொடுக்கும் ஒருவரை ஊரிலிருந்து வீடியோவில் ஏற்பாடு செய்யலாமா என்று காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதினேன். குளிர்காலம் முழுக்க யோசித்துவிட்டு அவர்கள் பதில் போட்டார்கள்: பயிற்சியாளர் இந்த நாட்டில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், அப்படிப்பட்ட தமிழ்ப் பயிற்சியாளரின் முகவரியை நான் தெரிவித்தால் மகிழ்ச்சியுடன் பரிசீலிப்பார்கள். அந்த மகிழ்ச்சியை நினைத்து நான் பல நாள் பல்லைக் கடித்தேன்.

ஹாம்பர்க்கில் வேலை பார்க்கும் யாழினி ஆரம்பத்தில் தினமும் வீடியோவில் வந்தாள். காது கேளாதவரிடம் பேசுவது போல் உரக்கப் பேசினாள். அவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். பிறகு இருவரும் திரையின் இரு பக்கமும் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். தினமும் என்பது வாரம் ஒரு முறை ஆனது. அப்புறம், "வேலை அதிகம் அம்மா."

3

தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும் என்று மருத்துவர் சொன்னதால்தான் படம் பார்க்க ஆரம்பித்தோம். காலையில் குளிப்பாட்டல், கஞ்சி, கைப் பயிற்சி, மதியச் சாப்பாடு, அதற்குப் பிறகு ஒரு படம். இதுதான் எங்கள் நாள்.

என்னென்ன படங்கள்! மலைப் பங்களாவில் வரிசையாகக் கொலை விழுகிறது. ஒருத்தருக்காவது லைட் சுவிட்சைப் போடத் தோன்றுவதில்லை; எல்லோரும் டார்ச் அடித்துக்கொண்டு போய்ச் சாகிறார்கள். இன்னொன்றில் கலிபோர்னியாவிலிருந்து வந்த கணினிக்காரன் ஒரே பாட்டில் ஊர் முழுவதுக்கும் இயற்கை விவசாயம் சொல்லிக் கொடுக்கிறான். காலங்காலமாக அங்கே விவசாயம் செய்தவர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொள்கிறார்கள். வேறொன்றில் நினைவின்றிக் கிடக்கும் அம்மாவுக்கு மகன் பாட்டுப் பாட, அவள் எழுந்து உட்கார்ந்து முழு வாக்கியத்தில் ஆசீர்வாதம் செய்கிறாள். அந்த இயக்குநரை ஒரு வாரம் என் வீட்டில் வைத்திருந்து, கஞ்சி ஊட்டவிட்டு, அப்புறம் பாடச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

முன்பெல்லாம் இவர் எந்தப் படத்தையும் வெறுத்ததில்லை. நான் திட்டித் தீர்த்தாலும், "அந்தக் கெழவனா நடிச்சவன் நல்லா பண்ணிருந்தான் கோமதி" என்று ஏதாவது ஒன்றைப் பொறுக்கி எடுத்துவிடுவார். இப்போது எல்லாப் படத்துக்கும் ஒரே முகம். கொலைக்கும் அதே முகம், பாட்டுக்கும் அதே முகம். நடுவில் உண்மையாகவே நல்ல படம் ஒன்றும் வந்தது. எல்லோரும் புகழ்ந்தார்கள். நல்ல படத்துக்கும் அதே முகம்தான். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. மனிதர் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை.

4

அவருடைய தம்பி வெள்ளையன் செம்மநத்தத்தில் இருக்கிறார். காபியும் மிளகும் அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார். போனை நான் அண்ணன் காதில் வைப்பேன். "அண்ணா, மழைங்க. மொளகு நல்லா புடிச்சிருக்குதுங்க. காட்டெரும வந்து வேலிய முறிச்சுருச்சுங்க" என்று தனியாகவே பேசிக்கொண்டு போவார். பதிலுக்கு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். "செரிங்க அண்ணா, ஒடம்பப் பாத்துக்கோங்க" என்று வைத்துவிடுவார். வைப்பதற்கு முன் அவர் தொண்டையைச் செருமுவது எனக்குக் கேட்கும்.

ஒரு ஞாயிறு, "அண்ணி, ஒரு சங்கதிங்க" என்றார் வெட்கத்தோடு. "நான் நடிச்ச படம் வந்துருச்சுங்க."

"என்ன தம்பி சொல்றீங்க? நீங்க நடிச்சீங்களா?"

"தலைச்சோலப் பக்கம் படம் புடிக்க வந்தாங்கன்னு சொன்னேன்லீங்க? கூட்டத்துல நிக்கோணும்னு கூப்பிட்டாங்க. நொம்ப நேரம் நிக்க வெச்சுட்டாங்க. அண்ணங்கிட்டக் காட்டுங்க. ஆனா சிரிக்கப்படாதுங்க."

அன்று மதியமே போட்டேன்.

கதை இதுதான். பெயரில்லாத ஒரு மலை. அங்கே மருந்து மாத்திரையைக் கண்டால் தெறித்து ஓடும் மனிதர்கள். சென்னையிலிருந்து கருணையே உருவான டாக்டர் ஒருவர் வருகிறார். எஸ்டேட் முதலாளி மகள் ஒருத்தி, சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காபிச் செடியிலிருந்து பூவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொள்கிறாள். அதே கிளையில் சிவப்புப் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. பூ பூக்கிற காலத்தில் பழம் ஏது? பிளாஸ்டிக் பழம். நூலால் கட்டியது, உற்றுப் பார்த்தால் முடிச்சுத் தெரிகிறது. என் கணவர் சோபாவில் லேசாக அசைந்தார். நான் தலையணையைச் சரி செய்தேன்.

அப்புறம் அந்த ராத்திரித் திருவிழா. நெருப்பைச் சுற்றி மலைமக்கள் குதிக்கிறார்கள். இடுப்பில் இலை, உடம்பெல்லாம் கரி. பேசுவது எந்த மொழியும் இல்லை; "ஊய், ஊய்" என்று ஒரு சத்தம். மூன்றாவது வரிசையில், கையில் மூங்கில் ஈட்டியோடு, தலையில் வெள்ளைக் கோழி இறகு செருகிக்கொண்டு, முழங்கால் வலியைக் காட்டிக்கொள்ளாமல் குதித்துக்கொண்டிருந்தார் என் கொழுந்தன் வெள்ளையன். பிளஸ் டூ வரை படித்தவர். கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் நின்று ஜெயித்தவர்.

என் கணவருடைய இடது கை மேலே வந்தது. "நிறுத்து."

நிறுத்தினேன். திரையில் வெள்ளையன் அந்தரத்தில் நின்றார், வாயைப் பிளந்தபடி.

"அது... வெள்ள..."

"ஆமாங்க. நம்ம வெள்ளையந்தான்."

வெகுநேரம் பார்த்தார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. எதையோ மலையடிவாரத்திலிருந்து தூக்கிக்கொண்டு ஏறுகிறவர் போல மூச்சு வாங்கினார்.

"இதெல்லாம்... ஒரு... படமா?"

இடது கையைத் திரைப் பக்கம் நீட்டினார்.

"எந்தம்பிக்கு... எதுக்குடா... கோழி எறகு?"

அந்த நேரத்தில் நான் அழுதேன் என்று எழுதினால் என் தோழிக்குப் பிடிக்கும். அழவில்லை. ஓடிப்போய் இரத்தக்கொதிப்புக் கருவியைக் கொண்டுவந்து கையில் சுற்றினேன். அது காட்டிய எண் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் நிறுத்துவதாக இல்லை. "கூப்பிடு" என்றார். "அவனக் கூப்பிடு."

போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பிடித்தேன்.

"சொல்லுங்க அண்ணி. பாத்தீங்களா?"

"ஏன்டா," என்றார் இவர். "கோமாளி."

திரையில் நின்றிருந்த தம்பியைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"சட்ட எங்கடா? உனக்கு... சட்ட இல்ல?"

"அண்ணா?" வெள்ளையனின் குரல் உடைந்துவிட்டது. "அண்ணா, நீங்களாங்க பேசறீங்க?"

"அறிவு... கெட்டவனே."

"வையிங்க அண்ணா," என்றார் வெள்ளையன், அழுதுகொண்டே. "நல்லா வையிங்க. இன்னும் வையிங்க. நிறுத்தாதீங்கண்ணா."

இவர் வைதார். தெரிந்த சொல்லெல்லாம் தீர்ந்த பிறகு, முதலிலிருந்து மறுபடி வைதார்.

5

அடுத்த முறை பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் அவர் ஆப்பிள் படத்தைக் கையால் தள்ளிவிட்டு, "இத எத்தன தடவ காட்டுவ?" என்று தமிழில் கேட்டார். அவளுக்குப் பொருள் தெரியாது. ஆனால் அது வாக்கியம் என்று தெரிந்தது. "என்ன செய்தீர்கள்?" என்றாள் என்னிடம். மோசமான படம் காட்டினேன் என்று என் ஜெர்மனில் சொன்னேன். ஏதோ ஆபாசப் படம் என்று அவள் எடுத்துக்கொண்டாள் என்பது, அவள் காது சிவந்ததில் பிறகுதான் விளங்கியது. திருத்திச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அதிலிருந்து நான் தேடித் தேடி மட்டமான படங்களாகப் போட்டேன். மகன் பாட, அம்மா எழுந்து உட்காரும் அந்தப் படத்தை மறுபடி போட்டதும், "பொய்யி" என்றார். சிறிது பொறுத்து, "சுத்தப் பொய்யி." டார்ச் அடித்துச் சாகும் படத்துக்கு, "லைட்டப் போடுங்கடா முட்டாப் பசங்களா." கலிபோர்னியாக்காரனுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். முப்பது வருடமாகத் தனியாகத் திட்டிக்கொண்டிருந்தவளுக்குத் துணை கிடைத்தது. அண்டைவீட்டுக் கிழவர் ஒரு நாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, வீட்டில் எல்லாம் சுமுகமா என்று கவலையோடு விசாரித்தார்.

ஈஸ்டர் விடுமுறைக்கு யாழினி வந்தாள். வந்ததும் வராததுமாக, "அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன் அம்மா, ஜெர்மன் சப்டைட்டில் இருந்தது" என்றாள். அப்பா பேசக் காரணமான படம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். மேசையில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டு, ஜெர்மனில் என்னிடம் கேட்டாள்: "அப்பா அப்படிப்பட்ட இடத்திலிருந்தா வந்தார்? ஏன் என்னிடம் சொன்னதே இல்லை? வெட்கமா? இதில் வெட்கப்பட ஒன்றுமில்லையே. எவ்வளவு அழகான வாழ்க்கை. அந்த நடனம், அந்த நெருப்பு."

கேலியாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கண்களில் அவ்வளவு மரியாதையோடு சொன்னாள். என் மாமன்மாரின் ஏளனத்தை எனக்கு எதிர்கொள்ளத் தெரியும். இந்த மரியாதையை என்ன செய்வது? சின்னப் பிள்ளையாக இருந்தபோது செம்மநத்தம் போயிருக்கிறாள். அவள் நினைவில் இருப்பது ஓர் அட்டைப்பூச்சியும் ஒரு கன்றுக்குட்டியும்தான். மிச்ச இடத்தையெல்லாம் அந்த இயக்குநர் வந்து நிரப்பிவிட்டான்.

என் கணவருக்கு ஜெர்மன் பேச வராதே தவிர, கொஞ்சம் கொஞ்சமாகக் காதில் ஏறத் தொடங்கியிருந்தது. புரிந்துகொண்டார். கையை உருவிக்கொண்டார்.

"இல்ல."

"பப்பா?"

"இல்ல. நாங்க... ஸ்கூலு. பஸ்ஸு... கணக்கு... நானு..." சொல் அதற்கு மேல் வரவில்லை. அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை என்று அவருக்கே தெரிந்தது. இடது கையால் மேசையை ஓங்கி அடித்தார். தம்ளர் உருண்டு விழுந்தது. "வெள்ளையன். கூப்பிடு."

வீடியோவில் வெள்ளையன் மொட்டைமாடியில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். கட்டம்போட்ட சட்டை, நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி.

"அட, நம்ம கண்ணு! எப்ப சாமி நம்மூருக்கு வருவ?"

யாழினி தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டினாள். "சித்தப்பா. அந்த... கோழி. தலையில. நீங்க டெய்லி போடறது?"

வெள்ளையனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், சிரித்ததில் போன் ஆடியது. வானம் தெரிந்தது, சில்வர் ஓக் மரம் தெரிந்தது, மறுபடி அவர் முகம் தெரிந்தது.

"தெனமும் கோழி எறகு வெச்சுக்கிட்டுப் போனா, பஸ்ஸுல எவன் ஏத்துவான் கண்ணு?"

அப்புறம் போனைத் தூக்கிக்கொண்டு மாடியிறங்கினார். வீட்டைச் சுற்றிக் காட்டினார். உறை போட்டு மூடிய வாஷிங் மெஷின். பட்டம் வாங்கிய கோலத்தில் மகன் போட்டோ. காபிக்கொட்டை மூட்டைகள். தெருவுக்கு வந்து, "அதா பாரு, அந்த வளைவுலதான் பஸ்ஸு நிக்கும். உங்கப்பன் அதுலதான் பள்ளிக்கோடம் போனாரு. கணக்குல அவர அடிச்சுக்க ஆளே இல்ல" என்றார். யாழினி திரையில் மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்த்தாள். சொற்கள் பாதி புரிந்திருக்காது. வாஷிங் மெஷினும் பஸ் நிற்குமிடமும் எந்த மொழியிலும் புரியும்.

போன் அணைந்த பிறகு அவர் மகளிடம் கேட்டார். "பாத்தியா?"

"பாத்தேன்," என்றாள்.

அவர் படுத்ததற்குப் பிறகு இருவருக்கும் நடந்த முதல் பேச்சு அது. இதை வைத்துக் குடும்பம் ஒன்று சேர்ந்துவிட்டது என்று யாரும் கைதட்ட வேண்டாம். மறுநாள் காலையிலேயே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் ஹாம்பர்க் ரயிலேறிவிட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளையன் அழைக்கும்போது அவளும் தன் வீட்டிலிருந்து சேர்ந்துகொள்ளத் தொடங்கினாள். பெரும்பாலும் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பாள்.

6

அந்தப் படம் பெரிய வெற்றியாம். ஆகாமல் இருக்குமா? இரண்டாம் பாகம் எடுக்க ஆட்கள் மறுபடி ஏற்காட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"அண்ணி, என்னையக் கூப்பிடறாங்க," என்றார் வெள்ளையன். "இந்தத் தடவ மொத வரிசையாமுங்க. போகட்டுமான்னு அண்ணனக் கேளுங்க."

போகக் கூடாது என்று கத்துவார் என்றுதான் நினைத்தேன். இவர் யோசித்தார். இப்போதெல்லாம் யோசித்துப் பேசுகிறார். பாதிச் சொற்கள் வழியில் தங்கிவிட்டாலும் மீதி வந்து சேர்கின்றன.

"போ," என்றார். "சட்ட போட்டுக்கிட்டுப் போ."

வெள்ளையன் சலவை செய்த வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகப் போய் நின்றிருக்கிறார். உடை கொடுக்கும் பையன் இலைப் பாவாடையை நீட்டியிருக்கிறான். "நான் இப்பிடித்தானுங்க நிப்பேன்" என்றிருக்கிறார். உதவி இயக்குநர் வந்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெரியவரே, நீங்க மலைவாசி மாதிரியே இல்லையே" என்றாராம்.

"நாந்தானுங்க மலைவாசி" என்று வெள்ளையன் சொன்னது அங்கே யாருக்கும் எடுபடவில்லை. சேலத்திலிருந்து வேனில் ஆட்களைக் கொண்டுவந்து, கரி பூசி, இறகு செருகி நிறுத்திக்கொண்டார்கள். வெள்ளையன் வீட்டுக்குப் போகவில்லை. ஓரமாகத் திரண்டிருந்த ஊர் ஜனத்தோடு நின்று, எங்களை வீடியோவில் கூப்பிட்டார். எங்களுக்கு அப்போதுதான் காலைக் கஞ்சி முடிந்திருந்தது. யாழினியும் வந்து சேர்ந்தாள், பல் துலக்கிக்கொண்டே.

சின்னத் திரைக்குள் ஒரு பாறை தெரிந்தது. பாறைமேல் படத்தின் நாயகன், அந்தக் கருணை டாக்டர். கீழே சேலத்து மலைவாசிகள் கைகூப்பி நின்றார்கள். "சைலன்ஸ்!" என்று யாரோ ஒலிபெருக்கியில் கத்தினார். கூட்டம் அடங்கியது. ஒரு குருவிச் சத்தம் மட்டும் எங்கள் காஸல் சமையலறை வரை கேட்டது. வெள்ளையன் போனை உயர்த்திப் பிடித்தார்.

நாயகன் கண்ணில் கிளிசரினோடு, ஆகாயத்தைப் பார்த்துத் தொடங்கினான். "இந்த ஜனங்களுக்குப் பேச வாயில்லை. இவங்களுக்காக இனிமே நான் பேசுறேன்..."

என் கணவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். இடது கையை மேசையில் ஊன்றினார். போனுக்கு வெகு அருகில் வாயைக் கொண்டுபோனார்.

"நீ மொதல்ல வாய மூடுடா!"

ஒரு சொல்கூட வழியில் தங்கவில்லை. வெள்ளையன் போனின் சத்தத்தை முழுசாக வைத்திருந்திருக்கிறார். பாறைமேல் நாயகன் வாய் திறந்தபடி நின்றான். "கட்! கட்!" என்று ஒருவர் அலறினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கரி பூசிய சேலத்துக்காரர்களும் ஈட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். ஹாம்பர்க்கில் யாழினி வாயில் நுரையோடு கேட்டாள், "அம்மா, பப்பா என்ன சொன்னாங்க?" பதில் சொல்லச் சிரிப்பு என்னை விடவில்லை.

"எவன்யா அது? யார் பேசினது?" உதவி இயக்குநர் போனைப் பார்த்து ஓடி வந்தார். படம் ஆடியது. வெள்ளைச் சட்டைக் கை ஒன்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. இருட்டுக்குள்ளிருந்து வெள்ளையனின் குரல் கேட்டது, நிதானமாக, ஊரே கேட்கும்படி:

"எங்கண்ணனுங்க. ஜெர்மனில இருந்து பேசறாருங்க."